குத்தம்பாக்கத்திலிருந்து குடியம் குகைக்கு

சென்னையின் மேற்குப் புறத்தில் இருப்பவர்களுக்கு மலை என்றால் ஏலகிரி, ஏற்காடு, நீண்ட விடுமுறை கிடைத்தால் ஊட்டி. நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே, குத்தம்பாக்கத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், அல்லிக்குழி மலை இருப்பது பலருக்குத் தெரியாது. அந்த மலைக்குள் இருப்பவைதாம் குடியம் குகைகள். உயரத்தை மட்டும் பார்த்தால் இவை குன்றுகள். மனிதர் இந்தப் பக்கம் நடமாடிய காலத்தைப் பார்த்தால், இதற்கு ஈடான இடங்கள் இந்தியாவில் மிகச் சில.

கிரேக்கத்தின் வடமேற்கே ஸகோரி என்றொரு மலைநாடு இருக்கிறது. கல் பாலங்களும் கல் பாவிய பாதைகளும் நிறைந்த அந்தப் பகுதி 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிளிதி என்ற பாறை ஒதுக்கு உண்டு. கடைசிப் பனியுகத்தின் பிற்பகுதியில் வேட்டைக்காரர்கள் அதில் தங்கியிருக்கிறார்கள். அந்த மலைநாட்டைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். கிளிதியைவிடப் பல மடங்கு பழைய நிலம், வெள்ளவேட்டில் பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் நமக்கு இருக்கிறது. எப்படிப் போவது, எதை முதலில் பார்ப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

இவ்வளவு தெரிந்தால் போதும்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 28இல் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பிற்காலத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அடிமட்டத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் அறிவித்தார்கள். கருவி செய்யும் முறை அடுத்த கட்டத்துக்கு மாறியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது 2018இல் வெளிவந்த முடிவு. குடியம் குகையில் 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி தோண்டிப் பார்த்தார். அங்கும் கற்கருவிகள் கிடைத்தன.

ஆற்றோரம் பட்டறை, மலையில் ஒதுங்க இடம், இரண்டுக்கும் நடுவே வேட்டைக்காடு. இப்படி மனத்தில் வைத்துக்கொண்டால் நடக்கும்போது எல்லாம் தானாகப் பொருந்தி வரும்.

இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு நேரே குகைக்குப் போவது. முள்ளுக்குள் நடந்து, வியர்த்து, ஒரு பெரிய பாறைக் குடையின் கீழே நின்று படம் எடுத்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்று திரும்பி வருகிறார்கள். குகைச் சுவரில் ஓவியம் இல்லை, எழுத்து இல்லை, விளக்கப் பலகையும் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கல்லைப் பார்க்கக் கண் பழகியிருந்தால்தான் அந்த இடம் பேசும். கண்ணைப் பழக்குவதற்கான இடம் பூண்டியில் உள்ள தொல்லியல் அகழ்வைப்பகம்.

மலை நடையை விடிந்தவுடன் தொடங்க வேண்டும். அகழ்வைப்பகமோ அலுவலக நேரத்தில்தான் திறக்கும். இரண்டையும் ஒரே நாளில் சரியான வரிசையில் பார்க்க முடியாது. ஆகவே ஒரு அரை நாளைப் பூண்டிக்குக் கொடுங்கள். இன்னொரு நாள் மலைக்குப் போங்கள். பக்கத்திலேயே இருக்கிற நமக்கு இது பெரிய செலவில்லை. வெளியூரிலிருந்து உறவினர் வந்து ஒரே நாள்தான் கிடைக்கிறது என்றால் காலையில் மலை, மதியம் பூண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் வழிதான் சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் பயணம்: பூண்டி

1. குத்தம்பாக்கத்திலிருந்து வெள்ளவேடு அல்லது திருமழிசைக்கு வந்து, பூந்தமல்லி – திருவள்ளூர் சாலையில் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். அரண்வாயல், மணவாள நகர் வழியாகத் திருவள்ளூர் போகும். ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயில் வசதி. திருவள்ளூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் ஒரே இடத்தில் இல்லை என்பதை நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. திருவள்ளூரில் பூண்டி பஸ் ஏறுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் ஊத்துக்கோட்டை சாலையைப் பிடித்தால் போதும்.

3. கிளம்பும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அமாவாசையன்று வீரராகவப் பெருமாள் கோயிலுக்கும் குளத்துக்கும் வரும் கூட்டத்தில் திருவள்ளூர் முழுக்க நிரம்பி வழியும். தை அமாவாசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நாம் போவதற்கு ஏற்ற மாதத்திலேயே வருகிறது.

4. அகழ்வைப்பகம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வார விடுமுறையும் அரசு விடுமுறையும் உண்டு. மாநிலத் தொல்லியல் துறை 1985இல் தொடங்கிய சிறிய இடம் இது. சுற்றிவர அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

5. உள்ளே போனதும் எல்லாப் பெட்டிகளையும் பார்க்க அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு கைக்கோடரியைத் தேர்ந்தெடுத்து அதன் முன் நில்லுங்கள்.

அந்த ஒரு கல்லில் எதைப் பார்ப்பது? முதலில் மொத்த வடிவம்: அடி அகன்று, நுனி ஒடுங்கி, கைக்குள் அடங்கும் அளவில் இருக்கும். அடுத்து மேற்பரப்பு. அதில் ஆழமில்லாத குழிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சில்லு பெயர்ந்த தடம். உற்றுப் பார்த்தால் சில தடங்களில், அடி விழுந்த இடத்திலிருந்து சிப்பியின் கோடுகள் போல மெல்லிய வளையங்கள் விரிவது தெரியும். இயற்கையாக உடைந்த கல்லில் ஒன்றிரண்டு உடைப்புகள் எங்கெங்கோ இருக்கும். கருவியில் உடைப்புகள் விளிம்பைத் தேடி வரிசையாக வரும், அதுவும் இரண்டு பக்கமும். விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இடமும் வலமும் மாறி மாறித் தட்டியதால் அது லேசாக நெளிந்து ஓடும். இந்த நெளிவைக் கண் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு நுண்கற்கருவிகள் வைத்திருக்கும் பெட்டிக்கு வாருங்கள். விரல் நகத்தளவு சில்லுகள். இரண்டுக்கும் இடையே உள்ள காலத்தை நினைத்துப் பார்க்க அங்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்துப்போனால் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒரே ஒரு கல்லை வரையச் சொல்லுங்கள். வரையும் கை எதையும் விடாது.

வெளியே வந்தால் நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த எஸ். சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944இல் பயன்பாட்டுக்கு வந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இன்று கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. இங்கிருந்து நம் குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்கு இணைப்புக் கால்வாய் போகிறது. குளிர் மாதங்களில் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதகுப் பக்கம் இறங்குவதும் குளிப்பதும் உயிருக்கு ஆபத்து. ஷட்டர் திறப்பு அறிவிப்பு வந்திருக்கும் மழை நாட்களில் ஆற்றோரம் போகவே கூடாது.

அத்திரம்பாக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். நியாயம்தான். அது பூண்டிக்கு வடக்கே, பக்கத்தில்தான் இருக்கிறது. சாலையோரம் நின்று அந்த நிலத்தின் வெட்டுப் பள்ளங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். ஒரு கால் வழுக்கினாலே மண் அடுக்கு சரியும். அந்த அடுக்குகள்தாம் 15 லட்சம் ஆண்டுக் கணக்கின் சாட்சி.

இரண்டாம் பயணம்: மலை

*எப்போது?* டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பாதையைச் சேறாக்கிவிடும், கூழாங்கல் சரிவுகள் வழுக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம். அதன்பின் வெயில். மழை விட்ட ஆகஸ்ட் காலையிலும் போகலாம், ஆனால் ஒன்பது மணிக்கே சூடு ஏறிவிடும்.

*அனுமதி:* இது காப்புக்காடு. “ஊர்க்காரங்க போறாங்களே, நாமும் போகலாம்” என்று நுழைந்துவிடக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உங்களோடு வருவார். கட்டணம், நேரம், கூடுமிடம் எல்லாம் பதிவு செய்யும்போது தெரிந்துவிடும். திட்டத்துக்கு வெளியே, ஆய்வுக்காகவோ பள்ளிக் குழுவாகவோ போவதானால் வனத்துறையிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். இந்தக் காட்டில் பாதைகள் பிரிந்து பிரிந்து போகும். விறகுக்குப் போனவர்களின் தடம், மாடு நடந்த தடம், மழைநீர் ஓடிய தடம் எல்லாம் புதிதாகப் போகிறவருக்கு ஒன்றுபோலவே தெரியும். கைபேசிச் சிக்னலையும் நம்ப முடியாது.

*பையில்:* ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மலையில் குடிநீர் கிடைக்காது. புளிசாதமோ எலுமிச்சை சாதமோ, கூடவே வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம். முழுக்கைச் சட்டை, கெட்டித் துணியில் முழுக் கால்சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, தொப்பி. ஒரு பெரிய பருத்தித் துண்டு, ஏனென்று பின்னால் சொல்கிறேன். வெறும் செருப்பு, அரைக்கால் சட்டை இரண்டும் கூடவே கூடாது. சூரை முள்ளின் கொக்கி பின்னோக்கி வளைந்தது. மாட்டினால் இழுக்காமல் ஒரு அடி பின்வாங்கிக் கழற்றுங்கள். காரை, களா, தொரட்டி எல்லாமே இந்த வகைக் காட்டின் குடிமக்கள்.

*நாளின் வரிசை:*

1. குத்தம்பாக்கத்தை அதிகாலை ஐந்து மணிக்குள் விட்டுவிடுங்கள். அந்நேரத்துக்குப் பஸ் இணைப்பு சரியாகக் கிடைக்காது. இந்த ஒரு நாளுக்கு மட்டும் வண்டி வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் போவது நகரத்துக்கு எதிர்த் திசையில் என்பதால் பூந்தமல்லி நெரிசல் உங்களைத் தொடாது.

2. திருவள்ளூர், பூண்டி, பிறகு சீத்தஞ்சேரிப் பக்கம். அங்கிருந்து கிராமச் சாலை பிரிந்து குடியம் ஊருக்குப் போகிறது. கடைசிக் கிலோமீட்டர்களில் வரைபடத்தைவிட ஊர்க்காரர் சொல்லும் வழியே சரியாக இருக்கும். “குகை” என்று கேட்டுப் புரியாவிட்டால், மணச்சம்மன் கோயில் என்று கேளுங்கள்.

3. வண்டியை வழிகாட்டி சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனை பேர் உள்ளே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.

4. நடை. போக வர எட்டு முதல் பத்து கிலோமீட்டர். பெரும்பகுதி லேசான ஏற்றம். காலடியில் பாருங்கள்: செம்மண்ணும் உருண்டைக் கூழாங்கற்களும். இவ்வளவு மேட்டில், ஆற்றில் உருண்டது போன்ற கற்கள் ஏன் கிடக்கின்றன என்ற கேள்வியோடு நடந்து போங்கள். பதில் குகைச் சுவரில் இருக்கிறது.

5. முதல் குகை. ஊர் மக்கள் மணச்சம்மனை வணங்கும் இடம். ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள். அம்மனுக்கு வைத்திருக்கும் எதையும் படத்துக்காக நகர்த்தாதீர்கள்.

6. அடுத்து உள்ள பெரிய குகை. போகலாமா என்பதை வழிகாட்டி முடிவு செய்யட்டும். அன்று தேனீக்கள் கலைந்திருந்தால் அவர் வேண்டாம் என்பார். வாதாடாதீர்கள்.

7. பதினொரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள்.

குகைச் சுவரைப் படிப்பது

குகை என்றவுடன் இருட்டுச் சுரங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். இது பாறை ஒதுக்கு. மேலே கூரை முன்னோக்கி நீண்டிருக்கும், கீழே வெளிச்சம் பரவியிருக்கும், மழை படாது. சுவரிலிருந்து ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். முழுப் பாறை என்று நினைத்தது, ஆயிரக்கணக்கான கூழாங்கற்கள் செந்நிற மண்ணோடு இறுகிப்போனது என்று தெரியும். முட்டையளவு, தேங்காயளவு, சில இடங்களில் அதைவிடப் பெரிது. சில கற்கள் பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சில இடங்களில் கல் உதிர்ந்துபோய், அது உட்கார்ந்திருந்த வழவழப்பான குழி மட்டும் இருக்கும். டைனோசர் காலத்து ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கற்கள் இவை.

இவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் கெட்டிக் கல். பூண்டியில் பார்த்த கைக்கோடரியும் அதே கல்தான். மலை கற்களை உதிர்த்தது, ஓடைகள் அவற்றைக் கீழே கொண்டுபோயின, ஆற்றங்கரையில் மனிதர்கள் அவற்றைத் தட்டிக் கூராக்கினார்கள். கருவிக்கான சரக்கு இந்த மலையிலிருந்து வந்தது. அகழ்வைப்பகத்தை முதலில் பார்த்தவருக்கு இந்த இடத்தில் எல்லாம் ஒன்றாக விளங்கும். அதற்காகத்தான் இரண்டு பயணம் என்றேன்.

சுவரில் பெயர் எழுதுவது, கல்லைப் பெயர்ப்பது, துருத்திய கல்லைப் பிடித்து ஏறுவது மூன்றும் வேண்டாம். மூன்றாவதில் உங்கள் உயிரும் சேர்ந்திருக்கிறது. கூரையிலிருந்து கல் உதிரும் என்பதற்குத் தரையே அத்தாட்சி. சாப்பிட உட்காரும்போது கூரை விளிம்புக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

மலைத்தேனீ: இதை இரண்டு முறை படியுங்கள்

இந்த நடையில் உண்மையான ஆபத்து தேனீதான். பெரிய மலைத்தேனீக்கள் உயர்ந்த பாறைக் கூரையில் கூடு கட்டுகின்றன. அண்ணாந்து பார்த்தால் கரும்பலகை தொங்குவது போலத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்க அழகு. கலைந்தால் கூட்டமாக வரும், வெகுதூரம் துரத்தும்.

வராமல் தடுக்க: அன்று சென்ட், வாசனை எண்ணெய் பூச வேண்டாம், மல்லிகைப்பூ வைக்க வேண்டாம். புகை கூடாது: பீடி, சிகரெட் மட்டுமல்ல, ஊதுபத்தியும் கற்பூரமும்கூட. கத்துவது, விசில், எதிரொலி கேட்பதற்குக் கூவுவது, ஃப்ளாஷ் போட்டுப் படமெடுப்பது எல்லாம் தவிர்க்க வேண்டியவை. இளைஞர் கூட்டம் வந்தால் முதலில் செய்வது கூவுவதுதான், கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள். டிரோனை வீட்டில் விட்டு வாருங்கள்.

வந்துவிட்டால்:

1. கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாடை மற்றவற்றை இழுக்கும்.
2. துண்டால் தலையையும் முகத்தையும் மூடி, கண்ணுக்கு மட்டும் வழி விட்டு, கூட்டிலிருந்து எதிர்த் திசையில் வேகமாக விலகுங்கள். நடுவில் நிற்காதீர்கள். சரிவில் மட்டும் காலைப் பார்த்து வையுங்கள்.
3. குழந்தையை மார்போடு அணைத்துத் துண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.
4. பாதுகாப்பான தூரம் வந்ததும் கொடுக்குகளை நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்து எடுங்கள்.
5. மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், தலைசுற்றல், வாந்தி இருந்தால், அல்லது கொட்டியவை பத்துக்கு மேல் என்றால், காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், சிக்னல் இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

தேனீ, குளவிக் கொட்டுக்கு முன்பு ஒவ்வாமை வந்தவர்கள் இந்த நடைக்கு வரவே வேண்டாம். பூண்டியோடு நின்றுகொள்ளட்டும்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: காலடி பார்த்து நடங்கள், கல் பொந்துக்குள் கை விடாதீர்கள். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கல் கண்ணில் பட்டால்

கண் பழகியவருக்குப் பாதையிலேயே ஒரு சில்லோ, விளிம்பு நெளிந்த கல்லோ தட்டுப்படலாம். எடுத்துப் பைக்குள் போட மனம் துடிக்கும். அங்கேதான் கட்டுப்பாடு வேண்டும். காப்புக்காட்டிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். தொல்பொருளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம்: ஒரு கருவி எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். வரவேற்பறை அலமாரிக்கு வந்துவிட்ட கைக்கோடரியால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவு:

1. கல்லை அசைக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள்.
2. இரண்டடி தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு இன்னொரு படம்.
3. கைபேசியில் இடக்குறிப்பைச் சேமியுங்கள். அதைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.
4. திரும்பும் வழியில் பூண்டி அகழ்வைப்பகத்தில் காட்டுங்கள்.

யாரை அழைத்துப் போகலாம்?

பத்து வயதுக்கு மேற்பட்ட, நடக்கப் பழகிய பிள்ளைகள் தாராளமாக வரலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிரமம், ஒரு கைத்தடி கொண்டு வரட்டும். பள்ளிக் குழுவை அழைத்துப்போகும் ஆசிரியர்கள் வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் கூட்டிப்போக வேண்டாம். பதினைந்து பேருக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கு இந்த முள்காட்டில் போதாது, ஐந்து பேருக்கு ஒருவர் வேண்டும்.

இறங்கி வந்ததும் தலைகளை எண்ணுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டில்களையும் எண்ணுங்கள், இரண்டு கணக்கும் சரியாக வர வேண்டும். வெளியே வந்துவிட்டதை வழிகாட்டியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். பூண்டிக் கடைத்தெருவில் தேநீர் குடித்துவிட்டு இரண்டு மணிக்குள் கிளம்பினால், மாலை நெரிசல் தொடங்கும் முன்பே வெள்ளவேட்டைத் தாண்டிவிடலாம்.